மலையிலிருந்து இறங்கிய குரல்

ஃபைரூஸை நான் பல வருஷம் தப்பாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஷார்ஜாவில் வேலை பார்த்த காலத்தில் எங்கள் கம்பெனி வேனின் டிரைவர் ஒரு சிரியாக்காரர். காலை ஐந்தரைக்கு வண்டியை எடுத்தால் ஃபைரூஸ் பாட ஆரம்பித்துவிடுவார். அரபு நாடுகளில் இது எழுதாத சட்டம் மாதிரி: காலையில் காபியோடு ஃபைரூஸ், ராத்திரிக்கு உம் குல்தூம். பாஷை புரியாத எனக்கு அந்தக் குரல் அரைத்தூக்கத்தில் முகத்தில் படும் குளிர்காற்று, அவ்வளவுதான். கொஞ்சம் அரபி பிடிபட்ட பிறகு ஒருநாள், அதே குரல் பஸ்ஸில் ஒருத்தன் லெட்டூஸ் இலை தின்பதைப் பற்றிப் பாடுவது காதில் விழுந்தது. நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

அந்த லெட்டூஸ் ஏன் அதிர்ச்சி என்று புரிய, முதலில் அந்தக் குரலை எங்கே தூக்கி வைத்திருந்தார்கள் என்று தெரிய வேண்டும். நுஹாத் ஹத்தாத், பெய்ரூட்டில் ஒரு அச்சகத் தொழிலாளியின் மகள். வானொலியில் கோரஸ் பாடப் போன பெண்ணுக்கு இசையமைப்பாளர் ஹலீம் அல்-ரூமி வைத்த பெயர் ஃபைரூஸ், நீலப்பச்சைக் கல். அஸ்ஸி ரஹ்பானியை அறிமுகம் செய்ததும் அவர்தான். அஸ்ஸி பிறகு கணவரானார். அவரும் தம்பி மன்சூரும் 'ரஹ்பானி சகோதரர்கள்' என்று சேர்ந்தே கையெழுத்துப் போடுவார்கள். எந்த வரி யாருடையது, எந்த மெட்டு யாருடையது என்று பிரித்துச் சொல்ல முடியாது. கெய்ரோவில் ஒரு பாட்டு ஒரு மணி நேரம் ஓடிய காலத்தில் இவர்கள் மூன்று, நான்கு நிமிஷத்தில் ஒரு பாட்டை முடித்தார்கள். 1957இல் பால்பெக்கின் ரோமானியக் கோயில் இடிபாடுகளுக்கு நடுவே ஃபைரூஸ் பாடினார். சுதந்திரம் கிடைத்துப் பதினாலே வருஷமான நாட்டுக்கு அன்றைக்கு ஒரு குரல் கிடைத்தது.

அந்தக் குரலோடு ஒரு கிராமமும் கிடைத்தது. நீரூற்று, நிலா, ஊர்த்தலைவர், சின்னச் சண்டை, கடைசியில் சமாதானம், எல்லாரும் கைகோத்து தப்கே ஆட்டம். ரஹ்பானி இசைநாடகங்களில் திரும்பத் திரும்ப வருவது இந்த ஊர்தான். பெயர் மாறும், ஊர் மாறாது. இதில் மத மோதல் கிடையாது, அகதி முகாம் கிடையாது. 1964இல் வந்த 'மோதிரம் விற்பவன்' நாடகத்தில் ஊர்த்தலைவர் ராஜிஹ் என்றொரு வில்லனை இட்டுக்கட்டுகிறார். அவனிடமிருந்து ஊரைக் காப்பாற்றுவதாகக் கதை விடுகிறார். ஒருநாள் ராஜிஹ் என்ற பெயரோடு ஒருத்தன் நிஜமாகவே வந்து நிற்கிறான். வந்தவன் சாதுவான மோதிர வியாபாரி. கல்யாணத்தில் சுபமாக முடிகிறது. பொய்யால் கட்டிய ஊருக்கு எதிரே நிஜம் வந்து நின்றால் என்ன ஆகும் என்பதை ரஹ்பானிகள் யோசித்துத்தான் இருக்கிறார்கள். நிஜம் மோதிரத்தோடு வரும் என்று நம்பினார்கள், பாவம்.

வந்தது வேறு. 1975 ஏப்ரல் 13, பெய்ரூட்டின் ஐன் எல்-ரும்மானே பகுதியில் பாலஸ்தீனியர்கள் வந்த ஒரு பஸ்ஸைச் சுட்டார்கள். உள்நாட்டுப் போரின் தொடக்கமாக எல்லாரும் சொல்வது அந்த பஸ்ஸைத்தான். லெபனான் பேச்சில் பஸ்ஸுக்கு 'போஸ்தா' என்று பெயர். பதினைந்து வருஷப் போரில் ஃபைரூஸ் எந்தத் தரப்புக்காகவும் பாடவில்லை. அது பெரிய விஷயம்தான். ஆனால் அந்தக் குரலுக்குக் கீழே இருந்த ஊர் காணாமல் போயிருந்தது.

இங்கேதான் மகன் வருகிறார். ஜியாத் ரஹ்பானி 1973இல், பதினேழு வயதில், அம்மாவுக்காக முதல் மெட்டைப் போட்டார். மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு அஸ்ஸி படுத்திருந்த நேரம். வரிகள் சித்தப்பா மன்சூருடையவை. பிறகு சொந்தமாக நாடகம் எழுத ஆரம்பித்ததும் பையன் நேர் எதிர்த்திசையில் போனான். மதுக்கடை, கடன், விலைவாசி, கெட்ட வார்த்தை. 1983இல் வந்த 'ஷி ஃபாஷில்' நாடகத்தில் ஒரு குழு கிராமிய இசைநாடகம் ஒத்திகை பார்க்கிறது. வெளியே போர். அப்பா, சித்தப்பாவின் மேடையைத்தான் நையாண்டி செய்கிறார் என்பது லெபனானில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இப்படிப்பட்ட ஆளின் பாட்டை அம்மா பாடினார் என்பதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம்.

'அல் போஸ்தா' முதலில் ஜியாத்தின் 1978 நாடகத்தில் ஜோசஃப் சக்ர் பாடியது. அடுத்த வருஷம் 'வஹ்தோன்' ஆல்பத்தில் ஃபைரூஸ் பாடினார். ஹம்லாயாவிலிருந்து தன்னூரீனுக்குப் போகும் பஸ். வெக்கை தாங்கவில்லை. ஒருத்தன் லெட்டூஸ் தின்கிறான், ஒருத்தன் அத்திப்பழம். இன்னொருத்தன் பெண்டாட்டியோடு வந்திருக்கிறான், அவள் அழகில்லை என்று பாட்டே சொல்லிவிடுகிறது. இதற்கு நடுவே ஆலியா என்ற பெண்ணின் கண்கள் ஞாபகம் வருகின்றன. தாளத்தில் எழுபதுகளின் டிஸ்கோ வாடை. பஸ் குலுங்குகிற மாதிரியே மெட்டும் குலுங்கிக்கொண்டு போகிறது. ஃபைரூஸ் இதைச் சிரிக்காமல், கிண்டல் தொனி வராமல், முன்பு நிலாவைப் பாடிய அதே தெளிவான உச்சரிப்போடு பாடுகிறார். மேலோட்டமாகக் கேட்டால் வேடிக்கைப் பாட்டு. ஆனால் நாலு வருஷம் முன்னால் ஒரு போஸ்தாவில் என்ன நடந்தது என்று தெரிந்த காதுக்கு, ஜனங்கள் சும்மா உட்கார்ந்து எதையோ தின்றுகொண்டு ஊர் போய்ச் சேருகிற ஒரு போஸ்தா எவ்வளவு பெரிய ஆசை! ரஹ்பானி கிராமம் இதைவிட அழகாக இருந்தது. இவ்வளவு வலித்ததில்லை.

1991இல் 'கீஃபக் இன்தா' வந்தபோது பலருக்குக் கோபம். போர் முடிந்த நேரம். ஒரு பெண் பழைய காதலனைப் பார்த்து நலம் விசாரிக்கிறாள். அவனுக்குக் கல்யாணமாகி, குழந்தைகளும் ஆகிவிட்டன. ஜெருசலேமைப் பாடிய வாய் இதையா பாடுவது என்று கேட்டார்கள். எனக்கோ இங்கேதான் ஃபைரூஸ் முழுசாகக் கேட்கிறது. சங்கதி, உருகல் எதுவும் இல்லை. எதிரே நிற்பவனிடம் பேசுவது போலச் சொற்களை வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். துக்கத்தை அழுத்தாமல் விடுவதில்தான் பாட்டு நிற்கிறது. காலமெல்லாம் மேடையில் அசையாமல், சிரிக்காமல் நின்ற அந்த விறைப்பு இங்கே ஒரு ஆளின் சுபாவமாக மாறிவிடுகிறது. இந்தப் பெண் அப்படித்தான் நிற்பாள்.

ஒரு நியாயமான கேள்வி உண்டு. முன்னே கணவரும் கொழுந்தனும் எழுதினார்கள், பின்னே மகன் எழுதினார். இவர் எப்போது பேசினார்? பேட்டிகளும் மிகக் குறைவு. 2010இல் மன்சூரின் வாரிசுகள் சட்டப் பிரச்சினை எழுப்பியதால் ரஹ்பானி நாடகம் ஒன்றை ஃபைரூஸ் மேடையேற்ற முடியாமல் போனது. ரசிகர்கள் பெய்ரூட்டில் தெருவில் உட்கார்ந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். தாளில் எழுதியவர்தான் உரிமையாளர் என்கிறது சட்டம். நான் ரசிகர்கள் பக்கம். ஜோசஃப் சக்ரின் போஸ்தாவையும் ஃபைரூஸின் போஸ்தாவையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். எழுத்து ஒன்றுதான். முதலாவதில் ஒரு ஆள் பஸ்ஸில் போகிறான், இரண்டாவதில் ஒரு நாடே ஏறி உட்கார்ந்திருக்கிறது. அந்த மாற்றத்தைச் செய்தது ஜியாத் இல்லை.

அதற்காக ஜியாத் போட்டதெல்லாம் தங்கம் என்று சொல்லமாட்டேன். அதே 2010இல் வந்த 'ஏ ஃபி அமல்' ஆல்பத்தில் சில இடங்களில் வாத்தியங்கள் தன் சாமர்த்தியத்தைக் காட்டிக்கொண்டே இருக்கின்றன. வயதான குரல் அவற்றுக்குப் பின்னால் போய் நிற்கிறது. குரலைக் கீழே இறக்கியவர், அது இன்னும் இறங்கிவிட்டதைக் கவனிக்கத் தவறிவிட்டாரோ என்று தோன்றும். அங்கே ஒரு பியானோ போதும்.

2025 ஜூலை 26 அன்று ஜியாத் இறந்தார். பிக்ஃபாயாவில் நடந்த இறுதிச்சடங்குக்கு ஃபைரூஸ் வந்தார். பல வருஷமாகப் பொது இடத்தில் யாரும் பார்க்காத முகம். கறுப்பு உடை, கறுப்புக் கண்ணாடி. சர்ச்சில் உட்கார்ந்திருந்தார். வரிசையாக வந்து துக்கம் விசாரித்தார்கள், கேமராக்கள் விடாமல் எடுத்துக்கொண்டிருந்தன. நான் போனில் அந்த வீடியோவைப் பார்த்தேன். சத்தத்தை நிறுத்திவிட்டு, 1973இல் அந்தப் பையன் அம்மாவுக்குப் போட்ட முதல் பாட்டைத் தேடினேன். ஊர் ஜனங்கள் அவன் எங்கே என்று அவளிடம் விசாரிப்பதைப் பற்றிய பாட்டு அது.