முத்து இருக்கிறது, குளித்தவர் எங்கே?

தூத்துக்குடி மாவட்டத்தில் 'பார்க்க வேண்டிய இடங்கள்' என்று ஒரு பட்டியல் உண்டு. மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா, வல்லநாட்டு வெளிமான் சரணாலயம், ஆதிச்சநல்லூர், கொற்கை, பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை, எட்டயபுரம், பனிமய மாதா கோவில். சுற்றுலாப் பிரசுரமானாலும் சரி, பத்திரிகையின் விடுமுறைக் கட்டுரையானாலும் சரி, வரிசைதான் மாறும், சரக்கு ஒன்றுதான். இந்தப் பட்டியலை ஒரு பிரதியாக வாசிக்க வேண்டும் என்கிறேன். கவிதையிலும் நாவலிலும் யார் பேசுகிறார், யார் வாய் அடைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்கக் கற்றுக்கொண்டோம். அரசு நட்டு வைத்த பலகையிடம் மட்டும் ஏன் அந்தக் கேள்வியைக் கேட்காமல், படம் பிடித்துக்கொண்டு திரும்பி வருகிறோம்?

கொற்கையிலிருந்து தொடங்கலாம். எம்.ஏ. தமிழ் படித்த இரண்டு வருஷமும் கொற்கை முத்தைப் பற்றிப் படித்தேன். பாண்டியன் பெருமை, யவனர் வணிகம், தமிழன் கடலாண்ட கதை. ஆதாரமாக, கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்ற கடற்பயண நூலையும் சொல்வார்கள். கொற்கையில் முத்துக் குளிப்பு நடந்ததை அந்த நூல் சொல்கிறது, சரி. ஆனால் அதே இடத்தில் இன்னொரு செய்தியும் இருக்கிறது: அங்கே குளித்தவர்கள் தண்டனை பெற்ற கைதிகள். நூலின் பாதி வரியை எடுத்துக்கொண்டு மறு பாதியை விட்டுவிட்டது நம் புலமை. யாரைக் கைதி என்றார்கள், என்ன குற்றத்துக்காகக் கடலுக்குள் தள்ளினார்கள், எத்தனை பேர் திரும்பி வந்தார்கள்? இந்தக் கேள்விகள் எந்தத் தேர்விலும் வந்ததில்லை. முத்து தமிழனுடையது, மூச்சு மட்டும் யாருடையதோ.

பிறகு போர்த்துகீசியர் வந்தார்கள். 1658-இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். அப்புறம் ஆங்கிலேயர். கொடி மாறியதே தவிரக் குளிப்பு மாறவில்லை. இடுப்பில் கயிறு, காலில் கல், அடக்கிய மூச்சு. பரதவரும் முஸ்லிம் குளியாட்களும் உயிரைப் பணயம் வைத்து அள்ளி வந்த சிப்பியில், ஆங்கிலேயர் காலத்தில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு. சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் சொல்லும் 'கடல்கட்டி'க்கும் ஒரு கூலி வைத்திருந்தார்கள். குளியாளின் பயம்கூட அரசுக் கணக்கில் ஒரு செலவு. 1961-க்குப் பிறகு இந்தக் கரையில் முத்துக் குளிப்பு நடக்கவில்லை. பெயர் மட்டும் நிற்கிறது: முத்துநகர். ரயிலுக்கும் அந்தப் பெயர்தான்.

முத்து போனது, பூங்கா வந்தது. 1986-இல் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளைச் சேர்த்துக் கடல்சார் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். 1989-இல் அந்தக் கடற்பரப்பு உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. பவளப்பாறையும் கடற்பசுவும் காப்பாற்றப்பட வேண்டியவைதான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சுண்ணாம்புக்காகப் பல காலம் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் இப்போது கடலுக்கு மேலே இல்லை. சூழலைப் பேசுவது வசதியானவர்களின் பொழுதுபோக்கு என்று நம் தோழர்கள் சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. கடல் செத்தால் முதலில் பட்டினி கிடப்பது கரையில் இருப்பவர்கள்தான்.

ஆனால் வேலி யாரை நிறுத்துகிறது என்று பாருங்கள். கிழிந்த கையுறையோடு கடலில் இறங்கிப் பாசி எடுக்கும் பெண்ணைத் தீவுப் பக்கம் வராதே என்று விரட்டியது இந்தப் பூங்காவின் சட்டம். ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்கு 1994-இல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த இசைவிலும் ஒரு நிபந்தனை இருந்தது: சூழல் முக்கியத்துவம் வாய்ந்த இடங்களிலிருந்து 25 கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். மன்னார் வளைகுடாத் தீவுகள் அந்தத் தூரத்துக்கு உள்ளேதான் இருக்கின்றன. ஆலை வந்தது, ஓடியது. 2018 மே மாதம் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்த பிறகுதான் மூடப்பட்டது. பாசிக்காரிக்கு எல்லைக்கல், கம்பெனிக்கு அளவுநாடா. அந்த நாடாவும் சுருங்கும். இதைப் பூங்காவின் தோல்வி என்று நான் சொல்ல மாட்டேன். சாதியும் வர்க்கமும் காட்டுக்குள்ளும் கடலுக்குள்ளும் வேலை செய்யும் விதமே இதுதான்.

ஆதிச்சநல்லூருக்குப் போவோம். 1876-இல் யாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டினார். எடுத்தவை பெர்லினுக்குப் போயின. பிறகு அலெக்சாண்டர் ரீ வந்து தோண்டினார். 2004-இல் மத்தியத் தொல்லியல் துறை மறுபடி தோண்டியது. 2023-இல் தாழிகள் கிடக்கும் குழிக்கு மேலே கண்ணாடித் தளம் போட்டுத் திறந்தார்கள். செத்தவர்களை மேலே நின்று பார்க்கலாம். இங்கே கிடைத்த மண்டையோடுகளை அளந்து இனம் பிரித்துப் பார்த்தவர்கள் உண்டு. சாதியைப் பிரித்துச் சொல்ல எந்த எலும்பாலும் முடியாது. ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முந்தைய பிணத்துக்குக் கண்ணாடி. இன்று நம் தெருவில் ஒருவர் செத்தால், ஊர்ப் பாதை வழியாகத் தூக்கிப் போகக் கலெக்டர் வரை மனு எழுதும் கிராமங்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. அந்தப் பழைய குழியைத் தோண்டிய கூலிக்காரனின் பெயரும் எந்தப் பலகையிலும் இல்லை. புதைகுழி வெட்டுவது யார் தலையில் கட்டப்பட்ட வேலை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பாஞ்சாலங்குறிச்சியில் நாம் பார்ப்பது கட்டபொம்மன் இருந்த கோட்டை அல்ல. அதை ஆங்கிலேயர் 1801-இல் தரைமட்டமாக்கிவிட்டார்கள். இப்போது நிற்பது 1974-இல் தமிழ்நாடு அரசு கட்டியது. 1959-இல் வந்த சினிமாவின் வசனத்தைக் காதில் வைத்துக்கொண்டுதான் ஜனங்கள் அதைச் சுற்றிப் பார்க்கிறார்கள். பக்கத்தில் ஆங்கிலேயப் படையினரின் கல்லறைகள் இருக்கின்றன. எதிரிக்குக்கூடக் கல்லறை உண்டு. கோட்டைக்குள் நின்று செத்த நம் ஆட்களுக்கு?

கவர்னகிரி சுந்தரலிங்கம் ஒருவர் இருக்கிறாரே என்பீர்கள். 1799-இல் முறைப்பெண் வடிவோடு போய் வெள்ளையரின் வெடிமருந்துக் கிடங்கைக் கொளுத்தித் தானும் மாண்டார் என்பது நம் மக்கள் வழிவழியாகச் சொல்லும் வரலாறு. 1997-இல் விருதுநகர்ப் போக்குவரத்துக் கழகத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். தேவேந்திரர் ஒருவரின் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் கிளம்பினார்கள். கலவரம். அரசு என்ன செய்தது? எல்லாக் கழகத்தின் பெயரையும், எல்லா மாவட்டத்தின் பெயரையும் நீக்கியது. சிதம்பரனார் மாவட்டம் தூத்துக்குடி மாவட்டமானது அப்போதுதான். நம்மில் ஒருவருக்கு இடம் கொடுப்பதைவிட எல்லார் பெயரையும் அழித்துவிடுவது இந்தச் சமூகத்துக்குச் சுலபமாக இருந்தது. வ.உ.சி.யின் பெயர் 2011-இல் துறைமுகத்துக்குத் திரும்ப வந்தது. சுந்தரலிங்கத்தின் பெயர் பஸ்ஸுக்குத் திரும்பவில்லை. கவர்னகிரியில் மணிமண்டபம் இருக்கிறது. உன் ஊருக்குள் வைத்துக்கொள் என்று அர்த்தம்.

இங்கே நம்மையும் விமர்சிக்க வேண்டும். மணிமண்டபம் கேட்டோம், சிலை கேட்டோம். தவறு என்று சொல்ல வரவில்லை. பறிக்கப்பட்ட பெயரைக் கேட்பது உரிமை. ஆனால் வாள், மீசை, தளபதி என்று அவர்களுடைய இலக்கணத்திலேயே நம் வரலாற்றையும் எழுதினால், சிலை வைக்க முடியாத உழைப்பு வெளியே நிற்கும். வடிவு எத்தனை மேடையில் பேசப்படுகிறார்?

என் அம்மா இருபத்திரண்டு வருஷம் அளத்துல உப்பு வாரினாள். விடியுமுன்னே போவாள், வெயில் ஏறினால் பாத்தியின் வெள்ளை கண்ணைக் குத்தும். ராத்திரி வெடித்த பாதத்தில் எண்ணெய் தடவிக்கொண்டே ஒருநாள் கேட்டாள்: "முத்துநகர்ங்கிறாங்களே, நான் ஒரு முத்தும் பாத்ததில்லையே. உப்புநகர்னு ஏன்ல வைக்கல?" நான் வாசித்த விமர்சனக் கோட்பாடு எதுவும் இதைவிடக் கூர்மையாகக் கேட்டதில்லை. ராஜம் கிருஷ்ணன் 1979-இலேயே 'கரிப்பு மணிகள்' நாவலில் உப்பளத்துக்காரர்களை எழுதினார். ஜோ டி குரூஸ் 2009-இல் 'கொற்கை' எழுதிக் கடற்கரை மக்களை நாவலுக்குள் கொண்டுவந்தார். பலகை போகாத இடத்துக்கு நாவல் போயிருக்கிறது. அளத்துக்காரி தன் வாயால் சொல்லும் புத்தகம் நமக்கு இனிமேல்தான் வேண்டும்.

பட்டியலில் இல்லாத ஓர் இடத்தையும் சொல்கிறேன். கொடியன்குளம். 1995 ஆகஸ்ட் 31-ஆம் தேதி பெரும் போலீஸ் படை நுழைந்து வீடுகளை நொறுக்கிய ஊர். குடிக்கிற கிணற்றில் விஷத்தைக் கொட்டினார்கள் என்று மக்கள் சாட்சி சொன்னார்கள். இது வரலாற்றுச் சின்னம் இல்லையா? கோட்டை இடிந்தது வரலாறு, குடிசை இடிந்தது சட்டம் ஒழுங்கா?

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். அடுத்த முறை இந்த இடங்களுக்குப் போகும்போது பலகையைப் படித்துவிட்டு நிற்காதீர்கள். வெளியே பதநீர் விற்கிறவரை, குப்பை கூட்டுகிற அக்காவை, அகழாய்வுக் குழியில் கூலிக்கு மண் சுமந்தவரைக் கேளுங்கள். பெயர், ஊர், கூலி, என்ன கண்டார் என்பதை அவர் சொன்ன மொழியிலேயே எழுதுங்கள். சங்கு குளிக்கும் பெரியவர்களிடம் கடலின் அடி எப்படி இருந்தது என்று கேளுங்கள். பாசி எடுக்கும் பெண்ணிடம் எந்த மாதம் எடுக்கக் கூடாது என்று கேளுங்கள். பூங்காவைக் காக்கும் அறிவு அவர்களிடமும் இருக்கிறது. இப்படி எழுதியவற்றைச் சேர்த்தால் இந்த மாவட்டத்துக்கு இன்னொரு பட்டியல் வரும். அதற்கு அரசு பலகை வைக்காது. நாம் அச்சடிப்போம்.