நெய்வேலிக் கணக்குக்கு எந்தத் தரவுத்தளம்?

1956-இல் ஸ்தாபிக்கப்பெற்ற பழுப்பு நிலக்கரி நிறுவனத்தைச் சுற்றி வளர்ந்த நெய்வேலியைப் போன்றதொரு நகரியத்தில், உதிரிபாகக் கிடங்கு, எடைமேடை, குடியிருப்பு ஒதுக்கீடு, ஆஸ்பத்திரிச் சீட்டு, சம்பளப் பட்டியல் என்று எத்தனை கணக்குகள் உண்டோ அத்தனைக்கும் ஆதாரமாக நிற்கத்தக்க தரவுத்தளம் எது என்பதை விலையைக் கொண்டு மட்டும் தீர்மானிக்க இயலாது. மின்னாட்சித் திட்டங்களில் திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை தரவேண்டும் என்று மத்திய அரசே 2015-இல் கொள்கை வகுத்துவிட்டபடியால், இலவசமாகக் கிடைப்பதை நம்பலாமா என்ற பழைய சந்தேகத்தை விட்டு, அவற்றுள் எது உத்தமம் என்று ஆராய்வதே விவேகம்.

அந்த நோக்கத்துடன் போஸ்ட்கிரெஸ் 17, மைஎஸ்கியூஎல் 8.4 ஆகிய இரு திறந்த மூலத் தரவுத்தளங்களையும் ஒரே லினக்ஸ் கணினியில் நிறுவி, கற்பனையான எடைமேடைக் கணக்கொன்றை ஏற்றிப் பரீட்சித்தேன். லாரியின் காலி எடை, சரக்கேற்றிய எடையை விஞ்சலாகாது என்று நிபந்தனை விதித்துவிட்டு, வேண்டுமென்றே தலைகீழான எண்களைக் கொடுத்தபோது இரண்டும் மறுத்துவிட்டன. ஆயினும், 2019-இல் வந்த 8.0.16-க்கு முந்தைய மைஎஸ்கியூஎல் பதிப்புகள் இத்தகைய நிபந்தனையை வாசித்துவிட்டு மௌனமாகப் புறக்கணித்துவிடும் என்பதை, பழைய பதிப்பிலேயே காலந்தள்ளும் அலுவலகங்கள் மறக்கலாகாது.

அட்டவணைகளின் அமைப்பை மாற்றும் கட்டளைகளை ஒரே பரிவர்த்தனைக்குள் வரிசையாகக் கொடுத்து நடுவில் ஒரு பிழையை வைத்தபோதுதான் பேதம் புலப்பட்டது. போஸ்ட்கிரெஸ் அனைத்தையும் ரத்துசெய்து பழைய நிலைக்கே திரும்பிற்று. மைஎஸ்கியூஎல்லிலோ பிழைக்கு முன்பிருந்த மாற்றங்கள் நிலைத்துவிட, பாதி பழையதும் பாதி புதியதுமாக அட்டவணைகள் நின்றன.

தமிழ்ப் பெயர்களை வரிசைப்படுத்துவதிலும் கவனம் தேவை. போஸ்ட்கிரெஸ்ஸை 'சி' என்னும் வரிசைமுறையில் விட்டால், யூனிகோடு எண்களின்படி னகரம் நகரத்தை அடுத்து நிற்பதால், அன்பழகன் அப்பாவுக்கு முன்னே வந்துவிடுகிறார். ஐசியூ என்னும் மென்பொருள் நிரலகத்தின் தமிழ் வரிசைமுறையைத் தேர்ந்ததும் அகராதிக் கிரமம் அமைந்தது.

குறைகளும் உண்டு. ஒரு வரியைத் திருத்தினால் போஸ்ட்கிரெஸ் பழைய வரியை உடனே அழிப்பதில்லையாகையால், 'வேக்யூம்' என்னும் துப்புரவு ஒழுங்காக நடவாவிடில் தரவுத்தளம் வீங்கிப்போகும். ஒவ்வோர் இணைப்புக்கும் தனிச் செயல்முறையை எழுப்புகிறபடியால், ஆயிரக்கணக்கானோர் ஒரே சமயம் நுழையுமிடத்தில் இணைப்புகளைப் பகிர்ந்தளிக்கும் பிஜிபவுன்சர் போன்ற இடையீட்டு மென்பொருள் அவசியமாகிறது; இவ்விஷயத்தில் மைஎஸ்கியூஎல் சௌகரியமானது.

உடைமையும் ஆராயத்தக்கதே. மைஎஸ்கியூஎல் 2008-இல் சன் நிறுவனத்திடமும், சன்னை ஆரக்கிள் வாங்கியதால் 2010-இல் ஆரக்கிளிடமும் சென்றது; அதனை உருவாக்கியோருள் முதல்வரான விடேனியஸ் பிரிந்து, அதிலிருந்து கிளைத்த மரியாடிபியைத் தொடங்கினார். மற்றொரு தரவுத்தளமான மாங்கோடிபி 2018-இல் தன் உரிம நிபந்தனைகளையே மாற்றிற்று. 1986-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியாகத் தொடங்கிய போஸ்ட்கிரெஸ் எந்த ஒரு கம்பெனிக்கும் சொந்தமன்று.

ஆகவே, பணமும் சரக்கும் ஊதியமும் ஒன்றோடொன்று பிணைந்த பெருந்திட்டத்துக்குப் போஸ்ட்கிரெஸ்ஸையே சிபாரிசு செய்கிறேன். வாசிப்பே மிகுந்த இணையதளத்துக்கு மைஎஸ்கியூஎல்லோ மரியாடிபியோ தாராளமாகப் போதும். எதைத் தேர்ந்தாலும், உரிமக் கட்டணத்தில் மிஞ்சிய பணத்தில் ஒரு பகுதியை அதனைப் பராமரிக்கத் தெரிந்த ஒருவருடைய சம்பளத்துக்கு ஒதுக்கிவிடுங்கள்.