காற்றிடம் ஒரு வினா: ‘கரும்புத் தோட்டத்திலே’ பாடலும் குந்தியின் வாக்குமூலமும்

பாரதியின் ‘கரும்புத் தோட்டத்திலே’ பாடலை இரங்கற்பாவாக மட்டும் வாசிப்பது போதாது. 1879 முதல் 1916 வரை 60,000க்கும் மேற்பட்ட இந்தியர் பிஜித் தீவுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர். ஆள்பிடிக்கும் தரகரின் பொய்யுரையை நம்பிக் கப்பலேறியோர் அவருள் பலர். அங்குள்ள பெண்களின் அழுகுரலைக் கேட்டிருப்பாயே எனக் காற்றை நோக்கிப் பேசுகிறார் கவிஞர். கடலுக்கு அப்பாலிருந்து செய்தி வந்தாக வேண்டும் என்னும் தவிப்பே அக்கூற்றின் உயிர். ஆயினும் பாடலுள் எப்பெண்ணும் வாய்திறப்பதில்லை. தரகனுக்கும் அதில் இடமில்லை. முறையீடு இறுதியில் காளியிடமே சென்றடைகிறது.

இதனோடு சேர்த்து வாசிக்கத்தக்கது குந்தியின் வாக்குமூலம். தோட்ட மேற்பார்வையாளனின் வன்முறைக்குத் தப்ப ஆற்றில் குதித்த தொழிலாளி அவர். அவர் கூற்று 1913இல் ‘பாரத் மித்ரா’ என்னும் இந்தி இதழில் அச்சேறிற்று. காற்றிடம் வேண்டிய செய்தி இங்கே பாதிக்கப்பட்டவர் வாய்மொழியாகவே வந்துவிடுகிறது. பாடல் கேட்போரை உருக்குகிறது. வாக்குமூலமோ குற்றம் புரிந்தவனைச் சுட்டுவதால், பதில் கூறவேண்டியவர் யார் என்பதையும் தெளிவாக்குகிறது. அதன் பின்னரே இந்திய அரசு விசாரணை கோரியது, 1915இல் சி. எஃப். ஆண்ட்ரூஸ் பிஜிக்கு நேரில் சென்றார். ஆள்சேர்ப்பு 1917இல் நின்றது. எஞ்சிய ஒப்பந்தங்கள் 1920 சனவரியில் நீக்கப்பட்டன.