நொத்தாரிசும் சார்பதிவாளரும்

திருச்சிராப்பள்ளியிலுள்ள என் சம்பந்தி ஒரு மனைக்கட்டு வாங்கிய சமயத்தில், பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு எதிரே கடை வைத்திருந்த ஆவண எழுத்தர் ஒருவரிடம், எங்கள் யாழ்ப்பாணத்தில் காணி உறுதிகளை நொத்தாரிசே எழுதி முடிப்பார் என்று நான் பிரஸ்தாபித்தேன். "நோட்டரி என்றால் அஃபிடவிட்டுக்கு முத்திரை போடுகிறவர்தானே ஐயா? அவர் எழுதித் தந்ததை நம்பியா நீங்கள் நிலம் வாங்குகிறீர்கள்?" என்று அவர் கேட்டார். அவர் துவேஷமாகப் பேசவில்லை. எனினும் அக்கேள்வி என் மனத்தில் தைத்தது. அதற்கு அங்கேயே விரிவாக விடை சொல்ல அவகாசமிருக்கவில்லை.

எங்கள் நாட்டில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இன்றைக்கும் உயிரோடிருக்கிறது. காணியை விற்பதோ ஈடு வைப்பதோ நன்கொடையாகக் கொடுப்பதோ எழுத்தில் அமையவேண்டும் என்பதோடு அது நிற்கவில்லை. கொடுப்பவர், அனுமதிபெற்ற ஒரு பிரசித்த நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் ஒரே வேளையில் ஒருங்கே இருக்கும்போது ஒப்பமிட்டாலன்றி அவ்வுறுதி சட்டத்தின் முன் செல்லுபடியாகாது என்று அது விதிக்கிறது. ஒரே வேளையில் என்ற இந்த நிபந்தனைதான் எங்கள் சம்பிரதாயத்தின் ஜீவநாடி என்பது என் அபிப்பிராயம். நொத்தாரிசின் வீட்டு முன்விறாந்தையில், வாங்குபவரும் விற்பவரும் பாயிலும் வாங்கிலுமாக அமர்ந்திருக்க, வடக்கெல்லை யாருடையது, கிழக்கெல்லையில் ஒழுங்கை உண்டா, கிணற்றில் பங்கு எத்தனை என்று அவர் உறுதியை நிறுத்தி நிறுத்தி வாசித்து விளங்கப்படுத்துவதை நான் சிறுவயது முதல் பார்த்து வந்திருக்கிறேன். கையொப்பங்கள் முடிந்தபின் கடைசியில் அவர் தம் கையால் எழுதும் அத்தாட்சியில், ஒப்பமிட்டவரைத் தமக்குத் தெரியுமா அல்லது சாட்சிகளுக்குத் தெரியுமா, விலைப்பணம் தம் முன்னிலையில் கைமாறியதா இல்லையா, எந்த வரியில் எந்தச் சொல் வெட்டப்பட்டது, எங்கே இடைச்செருகல் எழுதப்பட்டது என்பனவெல்லாம் ஒன்றுவிடாமல் வந்துவிடும். கட்சிக்காரர் வேண்டாமென்று சொன்னாலன்றி, காணிப் பதிவேட்டைத் தேடிப் பார்ப்பதும் அவர் கடமைகளுள் ஒன்று. பின்னொரு காலத்தில் வழக்கு வந்தால், பொறுப்புக் கூறுவதற்குப் பெயரும் முகவரியும் உள்ள ஒரு மனிதர் இருக்கிறார் என்ற தைரியம் எங்களுக்கு உண்டு.

இந்தியாவில் அந்தத் தைரியத்தைச் சார்பதிவாளர் அலுவலகம் தருகிறது. 1882ஆம் ஆண்டின் சொத்துமாற்றுச் சட்டமும் 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டமும் சேர்ந்து, நூறு ரூபாய்க்குக் குறையாத நிலக் கிரயம் பதிவானால்தான் உண்டு, இல்லையேல் இல்லை என்று ஆக்கிவிட்டன. எழுதிக் கொடுத்தவர் நேரில் நின்று, "கையெழுத்து உங்களுடையதுதானா? பணம் பெற்றுக்கொண்டீர்களா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லி, கைரேகை வைத்து, படம் எடுத்துக்கொண்டு வருகிறார், வில்லங்கச் சான்று கேட்டால் பழைய கிரயங்களும் அடைமானங்களும் வரிசையாக வந்து நிற்கின்றன. இது மெச்சத்தக்க ஏற்பாடு. எங்கள் பக்கத்தில் பதியப்படாத உறுதியும் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்குமிடையே செல்லுமாதலால், ஒரே காணியை இருவருக்கு விற்பவன் தோன்றினால், முந்திப் பதிந்தவரே வெல்வார் என்ற இடர் இருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அச்சார்பதிவாளர் பத்திரத்தைப் பதிகிறாரேயன்றி, விற்பவருக்கு உரிமை உண்டா என்று விசாரிக்கக் கடமைப்பட்டவரல்லர். சாட்சிகள் விஷயத்திலோ அங்கே நெகிழ்வு அதிகம்: கிரயப் பத்திரத்துக்குச் சாட்சி வேண்டுமென்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, வழக்கமே இருவரை ஒப்பமிட வைக்கிறது, தானப் பத்திரத்துக்கும் எழுத்துமூல அடைமானத்துக்கும் இருவர் கட்டாயமென்றாலும், அவ்விருவரும் ஒருங்கே இருக்கவேண்டியதில்லை. ஒருவர் காலையிலும் மற்றவர் மாலையிலும் ஒப்பமிடலாமென்பதை அந்த எழுத்தர் சௌகரியமாகச் சொன்னார். எனக்கு அது சௌகரியமாகப் படவில்லை.

இவ்வேற்றுமை மிகத் தெளிவாகத் தோன்றுவது மரண சாசனத்தில், அதாவது அவர்கள் உயில் என்பதில். 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, இரண்டு சாட்சிகள், அவரவர் வந்த வேளையில் ஒப்பமிட்டால் போதும்; பதிவும் கட்டாயமில்லை. எங்களிடம், நொத்தாரிசு இருந்தால் அவரோடு இரு சாட்சிகள்; அவர் இல்லையானால் ஐந்து சாட்சிகள் ஒரே வேளையில் கூடி நிற்கவேண்டும். நோயாளியின் கட்டிலைச் சுற்றி ஐவர் நிற்பது கஷ்டமான காரியந்தான்; அதனாலேயே ஊரிலுள்ளோர் பெரும்பாலும் நொத்தாரிசை வீட்டுக்கு அழைத்து வந்துவிடுகிறார்கள். இறப்பவர் சொன்னது ஐந்து பேர் காதில் ஒருங்கே விழுந்திருந்தால், மருமகன் ஒன்று, மகன் ஒன்று என்று பிற்பாடு கதை மாற்றுவதற்கு இடமேது?

இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். எங்களிடம் மூல உறுதி உரியவர் கையில் போகும். ஒரு பிரதி நொத்தாரிசிடமே தங்கும். மற்றொரு பிரதியை அவர் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் காணிப் பதிவகத்துக்குச் சேர்ப்பிக்கவேண்டும். அவர் இறந்தாலும் அவரிடமிருந்த கட்டுகள் பதிவகத்தையே சேரும். சார்பதிவாளரிடமும் நகல் இருக்கிறது, உண்மை. ஆயினும் இரண்டு இடங்களில் வைத்துக் காக்கும் இந்த முன்னெச்சரிக்கையின் அருமை எங்களைப்போல் போரினால் இடம்பெயர்ந்தவர்களுக்கே தெரியும். 1995ஆம் ஆண்டு ஐப்பசியில் வலிகாமத்து ஜனங்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு தென்மராட்சிக்கு நடந்தபோது, என் பெரியம்மா நகைப்பெட்டியை எடுத்தார், உறுதிப் பெட்டியை எடுக்கவில்லை. திரும்பி வந்தபோது வீட்டில் கூரையே இருக்கவில்லை. பிற்பாடு அவருடைய மகன் பதிவகத்தில் மனுக்கொடுத்து, எல்லைகளும் சாட்சிகளின் பெயர்களும் அத்தாட்சியும் எழுத்துக்கு எழுத்து அமைந்த உண்மைப் பிரதியைப் பெற்றார். அதைக் காட்டியே வேலியைப் பழைய இடத்தில் அடைத்தார்கள். அப்பிரதியில் சாட்சியாக ஒப்பமிட்டிருந்த இருவரில் ஒருவர், அடுத்த ஒழுங்கையிலிருந்த பள்ளிக்கூட வாத்தியார், அப்போதும் ஊரில் இருந்தார். அன்று அந்த உறுதி எழுதப்பட்டபோது யார் யார் எங்கெங்கே இருந்தார்கள் என்பதை அவர் தவறாமல் சொன்னார்.