பணிப்பாளர் கடமையும் பாதிக்கப்பட்டோரும்: ஜேம்ஸ் ஹார்டித் தீர்ப்புப் பற்றிய ஒரு நோக்கு

கம்பனிச் சட்டம் சட்டத்தரணிகளுக்கும் கணக்காளருக்கும் மட்டுமே உரிய துறை என்னும் கருத்து நம்மிடையே பரவலாக நிலவுகின்றது. ஆயின், ஒரு சமுதாயம் எவரது நட்டத்தை நட்டமாக ஏற்றுக்கொள்கின்றது, எவரது துன்பத்தைக் கணக்கில் எடாது விடுகின்றது என்பதை அறிய விரும்புவோர்க்கு அச்சட்டத்தைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. இந்நோக்கிலேயே, அவுஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 2012 மே 3 ஆந் திகதி வழங்கிய ஜேம்ஸ் ஹார்டித் தீர்ப்பினை ஈண்டு ஆராய முற்படுகின்றோம்.

பணிப்பாளரின் கடமை பற்றிய கோட்பாடு கடந்து வந்த பாதையை முதற்கண் சுருக்கமாக நோக்குவோம். பியூட் பிரபு ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோதே தந்தையின் வழியில் ஒரு சேமிப்பு வங்கியின் தலைவரானார். 38 ஆண்டுகளில் அவர் சமுகமளித்த கூட்டம் ஒன்றேயொன்று. வங்கி முறிந்தபின், 1892 இல், ஆங்கில நீதிமன்றம் அவரைப் பொறுப்பினின்றும் விடுவித்தது. 1925 இன் சிற்றி எக்குவிற்றபிள் வழக்கும், பணிப்பாளர் ஒருவர் தமக்குள்ள அறிவுக்கும் அனுபவத்திற்கும் ஏற்ற திறமையைக் காட்டினாற் போதுமெனக் கூறியது. அறியாமை ஒரு கேடயமாகவே விளங்கிய காலம் அது.

அவுஸ்திரேலியா இம்மரபினைச் சுவீகரித்துப் பின்னர் அதனைக் கைவிட்டது. ஏ.டபிள்யூ.ஏ. கம்பனி அந்நியச் செலாவணி வியாபாரத்தில் ஏறத்தாழ 5 கோடி டொலரை இழந்தமை தொடர்பான வழக்கில், 1995 இல் நியூ சவுத் வேல்ஸ் மேன்முறையீட்டு நீதிமன்றம் பழைய அளவுகோலை நிராகரித்தது. நிறைவேற்று அதிகாரம் அற்ற பணிப்பாளரும் கம்பனியின் தொழிலை விளங்கிக்கொள்ளவும் முகாமையைக் கண்காணிக்கவும் கடமைப்பட்டவர் என்பது நிலைநாட்டப்பட்டது. 2001 ஆம் ஆண்டுக் கம்பனிகள் சட்டத்தின் 180 ஆம் பிரிவு கவனத்தையும் விழிப்பையும், 181 ஆம் பிரிவு நல்லெண்ணத்தையும் தகுந்த நோக்கத்தையும் வேண்டுகின்றன. 182, 183 ஆம் பிரிவுகள் பதவியையும் தகவலையும் முறைகேடாகப் பயன்படுத்துவதைத் தடுக்கின்றன. 184 ஆம் பிரிவு நேர்மையீனத்தைக் குற்றமாக்குகின்றது. 2011 இன் சென்ரோ வழக்கில், குறுகியகாலக் கடன்கள் தவறாக வகைப்படுத்தப்பட்டிருந்ததைக் கவனியாது கணக்கறிக்கைக்கு ஒப்புதல் அளித்த பணிப்பாளர்கள், கணக்காய்வாளரை நம்பினோம் என்று கூறித் தப்ப முடியவில்லை. பியூட் பிரபுவின் காலத்தோடு ஒப்பிடுகையில் இது மறுக்கவியலாத முன்னேற்றமே.

ஆயினும், இம்முன்னேற்றம் யாருக்காக என்னும் வினா எஞ்சி நிற்கின்றது. ஜேம்ஸ் ஹார்டிக் குழுமம் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அஸ்பெஸ்ரோஸ் கலந்த கட்டடப் பொருள்களை உற்பத்தி செய்தது. அத்தூசு, சுவாசித்தவரின் உடலில் இரண்டு மூன்று தசாப்தங்கள் தங்கியிருந்து, பின்னர் மெசோதீலியோமா என்னும் கொடிய புற்றுநோயாக வெளிப்படுவது. 2001 பெப்ருவரி 15 இல் கூடிய பணிப்பாளர் சபை, அஸ்பெஸ்ரோஸ் பொறுப்புகளைச் சுமந்திருந்த இரு துணைக் கம்பனிகளைக் குழுமத்தினின்றும் பிரித்து ஒரு மன்றத்திடம் ஒப்படைக்கத் தீர்மானித்தது. அம்மன்றத்துக்குக் கிடைத்த சொத்து ஏறத்தாழ 29 கோடியே 30 இலட்சம் டொலர். நட்டஈட்டுக்கு இந்நிதி முற்றாகப் போதுமானது என மறுநாள் பங்குச் சந்தைக்கு அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டிற் குழுமம் ஒல்லாந்துக்கு இடம்பெயர்ந்தது. ஏறத்தாழ 190 கோடி டொலரைப் பெறுவதற்கு வழியாயிருந்த பகுதி செலுத்தப்பட்ட பங்குகள் 2003 இல் இரத்துச் செய்யப்பட்டன. 2004 இல் அறிக்கை சமர்ப்பித்த ஜக்சன் விசாரணை ஆணைக்குழு, பொறுப்பு 150 கோடி டொலரை எட்டலாம், அதனை விஞ்சவுங் கூடும் என்பதை வெளிக்கொணர்ந்தது.

இதன்பின் அரச ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு 2007 இற் குடியியல் வழக்குத் தொடுத்தது. போதுமானது என்ற அறிவித்தலின் வரைவு சபையில் முன்வைக்கப்பட்டு அங்கீகரிக்கப்பட்டதா என்பதே முதன்மைப் பிரச்சினையாயிற்று. அங்கீகரிக்கப்பட்டதாகக் கூட்ட அறிக்கை கூறியது. அக்கூட்ட அறிக்கையைப் பின்னர் தாமே ஏற்றுக்கொண்டிருந்த பணிப்பாளர்கள், நீதிமன்றத்தில் அதனை மறுத்து நின்றனர். 2009 இற் கீழ் நீதிமன்றம் அவர்களைப் பொறுப்பாளிகளாகக் கண்டது. 2010 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றியது. 2012 இல் உயர் நீதிமன்றம் கூட்ட அறிக்கையின் சான்றுப் பெறுமதியை வலியுறுத்தி முதற் தீர்ப்பை மீள நிறுத்தியது. அமெரிக்காவிலிருந்து தொலைபேசி மூலம் பங்குபற்றிய இருவர்கூட, வரைவைக் கேட்டுப் பெறாது வாக்களித்தமைக்காகத் தப்பவில்லை. கண்மூடி ஒப்புதல் அளிக்கும் பண்பிற்கு இத்தீர்ப்பு அடித்த சாவுமணி போற்றத்தக்கதே.

எனினும், கண்டறியப்பட்ட மீறல் யாது என்பதைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். அப்போது நிலவிய கம்பனிச் சட்டத்தின் 180(1) ஆம் பிரிவின்கீழ்ப் பணிப்பாளர்கள் கவனந் தவறியது கம்பனிக்கு ஆற்றவேண்டிய கடமையிலாகும். தவறான அறிவித்தலால் ஊறுபடக்கூடியது என நீதிமன்றம் கணித்தது கம்பனியின் நலனையே. பிரிவினை நடவடிக்கை இவ்வழக்கில் மீறலாகக் கொள்ளப்படவில்லை. நிதி போதுமா என்பது நிச்சயமற்றது என்று சபை அடக்கமாக அறிவித்திருப்பின், அதே 29 கோடியுடன் அதே நோயாளர்கள் கைவிடப்பட்டிருக்கலாம்; இவ்வழக்கு மட்டும் எழுந்திராது. அறிவித்தலிலிருந்த பொய் மீறலாயிற்று, பற்றாக்குறை ஆகவில்லை.

கடன்கொடுத்தோர் நலனையும் பணிப்பாளர் கருத்திற் கொள்ளவேண்டும் என்று 1976 இல் வோக்கர் எதிர் விம்போர்ண் வழக்கில் நீதியரசர் மேசன் கூறியமை உண்மையே. ஆனால், கடன்கொடுத்தவர் கணக்கேட்டில் இடம்பெறுபவர். இன்று நலமுடன் நடமாடி இருபதாண்டு கழித்து மூச்சுத் திணறப்போகும் தச்சுத் தொழிலாளி எந்த ஏட்டிலும் இல்லை. இன்னும் பிறவாத கடனுக்கு உரியவர் அவர். அதனாலேயே சட்டத்தின் பார்வைக்கு எட்டாதவர்.

தண்டனைகளும் இவ்வுண்மையைப் பிரதிபலிக்கின்றன. 2001 இல் வீழ்ந்த எச்.ஐ.எச். காப்புறுதிக் கம்பனியின் 1 கோடி டொலரைத் தமது கட்டுப்பாட்டிலிருந்த நிறுவனத்தின் வழி பயன்படுத்திய அட்லருக்கு 20 ஆண்டுத் தகுதியிழப்பு விதிக்கப்பட்டது. பின்னர் குற்றவியல் வழக்கிற் சிறைத் தண்டனையும் கிடைத்தது. ஹார்டியின் நிறைவேற்று அதிகாரமற்ற பணிப்பாளர்களுக்கு முதலில் விதிக்கப்பட்டவை 30,000 டொலர் தண்டமும் ஐந்தாண்டுத் தகுதியிழப்புமே. 2012 நவம்பரில் இவையும் குறைக்கப்பட்டன. முன்னையது நேர்மையீனம், பின்னையது கவனக்குறைவு என்ற வேறுபாட்டை நாம் மறுக்கவில்லை. ஆனால், மூலதனத்திற்கு இழைக்கப்படும் தீங்கைத் துல்லியமாக அளக்கும் சட்டம், உழைப்போரின் உடலுக்கு நேரும் தீங்கை அளக்கும் கோலைப் பணிப்பாளர் கடமையினுள் இன்னும் ஆக்கிக்கொள்ளவில்லை என்பதை மறைத்தலும் ஆகாது.

பலருக்குக் கடமைப்பட்டவர் எவருக்கும் பொறுப்புக் கூறார் என்பது எதிர்வாதம். அவுஸ்திரேலியப் பாராளுமன்றக் கூட்டுக்குழுவும் கம்பனிச் சட்ட ஆலோசனைக்குழுவும் 2006 இல் ஏறத்தாழ இவ்வாறே கருதிச் சட்டத்திருத்தம் வேண்டாமென்றன. இவ்வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. தொழிலாளர் நலன் என்ற பெயராற் பங்குதாரரையும் ஏமாற்றும் முகாமையாளர் தோன்றக்கூடும். ஆனால், தன் உற்பத்தியாலேயே நோயுற்றோரையும் நோயுறப்போவோரையும் நட்டாற்றில் விடாதே என்பது தெளிவற்ற பொதுக்கடமையன்று. அது வரையறுக்கத்தக்கது, சட்டமாக்கத்தக்கது.

ஈற்றில் ஓர் உண்மை மனங்கொள்ளத்தக்கது. நோயாளர்க்குப் புதிய நட்டஈட்டு நிதியம் 2007 இற் கிடைத்தது. உயர் நீதிமன்றத் தீர்ப்போ 2012 இலேயே வந்தது. அந்நிதியத்தைப் பெற்றுத் தந்தவை தொழிற்சங்கங்களின் போராட்டமும், பொதுமக்களின் சினமும், அதற்குச் செவிசாய்த்த மாநில அரசின் நெருக்குதலுமாகும். அஸ்பெஸ்ரோஸ் நோயுடன் பிராணவாயுக் குழாய் அணிந்தவாறே அப்போராட்டத்தின் முகமாக விளங்கிய பேர்னி பான்ரன், அதே ஆண்டு நவம்பரில் மறைந்தார். பணிப்பாளரின் கடமையைச் சட்டம் எழுதலாம். அக்கடமை எவரை நோக்கியது என்பதை எழுதுவிப்பது மக்களின் இயக்கமே.