நிறமே விதி: ஸ்பெக்ட்ரம் காலத்துத் தாவல் விளையாட்டுகள்

1982 ஏப்ரலில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்து சின்கிளேர் நிறுவனம் வெளியிட்ட இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம், விளையாடுவதற்கென்றே செய்த கணினி அல்ல. 16கே நினைவகம் உள்ளது 125 பவுண்டு, 48கே உள்ளது 175 பவுண்டு. ரப்பர் விசைகள், திரைக்கு வீட்டுத் தொலைக்காட்சி, சேமிப்புக்குக் கேசட் ரெக்கார்டர். உருவங்களை நகர்த்தவோ இசை எழுப்பவோ தனிச் சில்லு கிடையாது. எல்லா வேலையும் 3.5 மெகாஹெர்ட்ஸ் இசட்80 செயலி ஒன்றின் தலையில். அந்த வறுமையில் எழுதப்பட்ட பிளாட்ஃபார்ம் விளையாட்டுகளைப் பற்றி இன்று பேசுபவர்கள் பெரும்பாலும் பால்ய நினைவுகளில் கரைந்துவிடுகிறார்கள். நினைவைக் கழித்துவிட்டால் எது மிஞ்சுகிறது என்பதே என் கேள்வி.

மேடைக்கு மேடை தாவும் விளையாட்டு பிரிட்டனில் பிறந்ததல்ல. 1981இல் நின்டெண்டோவின் டாங்கி காங், காசு போட்டு ஆடும் இயந்திரமாக வந்தது. மறு ஆண்டே பில் ஹோக் அட்டாரி வீட்டுக் கணினிகளுக்கு மைனர் 2049யர் எழுதினார். அதன் தூண்டுதலில், இருபது வயதைத் தொடாத மாத்யூ ஸ்மித் சில வாரங்களில் ஸ்பெக்ட்ரத்துக்காக உருவாக்கியது மேனிக் மைனர். 1983இல் லிவர்பூலின் பக்-பைட் அதை வெளியிட்டது.

ஸ்பெக்ட்ரத்தின் திரை 256க்கு 192 புள்ளிகள். ஆனால் நிறம் புள்ளிக்குப் புள்ளி கிடையாது. எட்டுக்கு எட்டுக் கட்டங்களாக, கட்டத்துக்கு இரண்டே நிறம். இரண்டு உருவங்கள் ஒரே கட்டத்தில் சந்தித்தால் ஒன்றின் நிறம் மற்றொன்றில் வழியும். பலர் இதைக் குறையாக நினைத்து மறைக்கப் பார்த்தார்கள். ஸ்மித் அதையே விதியாக்கினார். விளையாட்டில் உள்ள 20 குகைகளில் ஒவ்வொன்றும் நினைவகத்தில் 1024 பைட். அதில் பாதி, 32க்கு 16 கட்டங்களின் நிற மதிப்புகள். வில்லி என்ற சுரங்கத் தொழிலாளி அடியெடுத்து வைக்கும்போது, அங்கே என்ன இருக்கிறது என்பதை நிரல் நிறத்தை வைத்தே முடிவு செய்கிறது. சுவரின் நிறமா, வழி இல்லை. நச்சுச்செடியின் நிறமா, உயிர் போயிற்று. ஆகவே ஒரே குகையில் சுவரும் செடியும் ஒரே நிற மதிப்பைப் பெறவே முடியாது. ஆடுபவரின் கண்ணும் எந்திரமும் ஒரே ஏட்டைப் படிக்கின்றன. இன்றைய பல விளையாட்டுகளில், எது ஏறி நிற்கக்கூடிய மேடை, எது வெறும் அலங்காரம் என்று தெரியாமல் திண்டாடியவர்களுக்கு இதன் அருமை புரியும்.

இன்னொன்று, தற்செயலுக்கு இங்கே இடமே இல்லை. பென்குவின், கழிப்பறைத் தொட்டி, வெறிபிடித்த தொலைபேசி (ஸ்மித்தின் குறும்புக்கு அளவில்லை) எந்த எதிரியானாலும் வகுத்த தடத்திலேயே போய் வரும். தாவிவிட்டால் நடுவானில் திசை மாற்ற முடியாது. காற்று தீர்ந்துகொண்டே இருக்கும். தோற்றால் தப்பு நம்முடையதுதான். பின்னணியில் இசையமைப்பாளர் கிரீக்கின் மலைமன்னன் இசை விட்டுவிட்டு ஒலிக்கும். ஒலி எழுப்பும் நேரமெல்லாம் நடுச்சில்லு வேறு வேலை பார்க்க முடியாததால் வந்த திக்கல் அது. எனக்கென்னவோ அந்தத் திக்கலே பதற்றத்துக்குப் பொருத்தமாகப் படுகிறது.

1984இல் இதன் தொடர்ச்சியாக வந்த ஜெட் செட் வில்லிக்குப் புகழ் இன்னும் அதிகம். அறை ஒன்றுக்கு 256 பைட் என்று சுருக்கியதால் சுமார் 60 அறைகள் கொண்ட மாளிகையையே அடக்க முடிந்தது. எங்கே வேண்டுமானாலும் அலையலாம். ஆனால் அந்தச் சுதந்திரத்துக்குக் கொடுத்த விலை அதிகம். உயரத்திலிருந்து விழுந்து ஓர் அறைக்குள் செத்தால், அந்த அறைக்குள் நுழைந்த இடத்திலேயே திரும்பப் பிறந்து, மறுபடி விழுந்து, எல்லா உயிரும் தீரும்வரை செத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். பரண் அறைக்குள் போனால் அங்கே பறக்கும் அம்பு நினைவகத்தின் வேறு பகுதியைக் கெடுத்துவிடும். பிறகு வேறு சில அறைகளில் நுழைந்தாலே மரணம். வெளியீட்டாளர்கள் முதலில் இது வேண்டுமென்றே செய்ததென்று சாதித்தார்கள். பின்னர்தான் திருத்தம் தந்தார்கள். அதாவது, விற்ற வடிவத்தில் அந்த விளையாட்டை யாராலும் முடித்திருக்க முடியாது. உலாவ இனிய இடம். விளையாட்டாக மேனிக் மைனருக்கு ஒரு படி கீழேதான்.

மற்றவற்றில் இரண்டைச் சொல்லலாம். நைஜல் ஆல்டர்டனின் சக்கி எக் (1983) வேகத்தை நம்பியது. எட்டுத் திரைகள் முடிந்ததும் கூண்டிலிருந்த வாத்து வெளியே வந்து துரத்தத் தொடங்கும். ஷெஃபீல்டின் கிரெம்லின் கிராஃபிக்ஸ் வெளியிட்ட வாண்டட்: மான்ட்டி மோல் (1984), அப்போது நடந்துகொண்டிருந்த நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்தத்தையே களமாக்கி, தொழிற்சங்கத் தலைவர் ஸ்கார்கிலைக் கேலிச்சித்திரமாக நிறுத்தியது. ஆடுவதைவிட அதன் துணிச்சலைத்தான் மெச்சத் தோன்றுகிறது.

இன்று எமுலேட்டரில் இவற்றை ஆடப் போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இடையில் சேமித்துவைத்துத் தொடரும் வசதியை மேனிக் மைனரில் மட்டும் தொடாதீர்கள்; உயிர்கள் தீர்ந்ததும் முதல் குகைக்கே திரும்புங்கள். ஜெட் செட் வில்லியில் தாராளமாகப் பயன்படுத்தலாம்.