உங்கள் வேகம், உங்கள் பாடு

ஆங்கில வாசிப்பு கற்றுத்தரும் ஆன்லைன் பாடங்கள் 'உங்கள் வேகத்தில் படிக்கலாம்' என்றுதான் அழைக்கின்றன. இது இணையம் கண்டுபிடித்த விஷயமில்லை. அமெரிக்காவில் டான் பார்க்கர் உருவாக்கிய எஸ்.ஆர்.ஏ. ரீடிங் லாபரட்டரி 1957-லேயே வந்துவிட்டது. ஒரு பெட்டி, உள்ளே நிறவாரியாக அட்டைகள். மாணவர் ஓர் அட்டையைப் படித்து, பதில் எழுதி, விடை அட்டையைப் பார்த்துத் தானே திருத்திக்கொள்வார். தேறினால் அடுத்த நிறம். இன்று நிறத்துக்குப் பதில் லெவல், விடை அட்டைக்குப் பதில் பச்சை டிக்.

மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் என்பதால், இந்த வடிவம் ஏன் இன்னும் சாகவில்லை என்பது எனக்குப் புரிகிறது. க்ளிக்கை எண்ணுவது சுலபம். ஆகவே ஒரு பத்தி, கீழே நான்கு விடைகள். அதிலுள்ள ஓட்டையைப் பாருங்கள்: 'மிழுவன் தரணத்தைக் கொவிட்டான்.' தரணத்தைக் கொவிட்டது யார்? மிழுவன். முழு மதிப்பெண்! என்ன நடந்தது என்று மட்டும் கேட்காதீர்கள்.

கோஃப், டன்மர் இருவரும் 1986-ல் சொன்னது எளிமையானது. எழுத்தைச் சொல்லாக்கும் திறன், மொழியைப் புரிந்துகொள்ளும் திறன், இரண்டின் பெருக்கல்தான் வாசிப்பு. ஒன்று பூஜ்யமானால் எல்லாமே பூஜ்யம். நம்மூரில் ஆங்கிலத்தைத் தடங்கலில்லாமல் உரக்கப் படித்துவிட்டு, அர்த்தம் கேட்டால் விழிப்பவர்கள் எத்தனை பேர்! அவர்களுக்கு எது குறைகிறது என்பதை 70 சதவீதம் என்ற ஒற்றை எண் சொல்லாது.

இன்னொன்று. துணையின்றி ஒரு கதையைப் புரிந்துகொள்ள அதிலுள்ள சொற்களில் 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும் என்பது ஹூ, நேஷன் ஆகியோரின் 2000-ஆம் ஆண்டு ஆய்வு. முந்நூறு சொல் உள்ள பக்கத்தில் ஆறு புதுச் சொல்தான் தாங்கும். அப்படியானால் தேவை நீளமான, சுலபமான கதைகள். நான் பார்த்த பாடங்களில் பெரும்பாலானவை தருவதோ குட்டையான, கடினமான பரீட்சைப் பத்திகள்.

இவற்றால் பயனே இல்லை என்று சொல்லமாட்டேன். நைட் ஷிஃப்ட் முடித்து வருகிறவருக்கு, வகுப்பில் வாய் திறக்கக் கூசுகிறவருக்கு வேறு வாசல் கிடையாது. அதனாலேயே கேட்கிறேன்: பாடத்துக்கு ஒரு கேள்வியாவது விடைப்பட்டியல் இல்லாமல் வைக்கலாமே? 'படித்ததை உங்க மொழியில ரெண்டு வரியில சொல்லுங்க' என்று. அதைப் படித்து, எங்கே தடுக்கியது என்று சொல்ல ஆள் வேண்டும். ஆளுக்குச் சம்பளம் வேண்டும். அந்தச் செலவை மிச்சம்பிடிக்கும்போது 'உங்கள் வேகம்' என்பது 'உங்கள் பாடு' என்றாகிவிடுகிறது.